மூன்றெழுத்தின் பெருமை

டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்தை அறியாதார் நம் வட்டாரத்தில் இலர். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு விடியுமுன்னே தக்காளியும் முருங்கையும் சுமந்துவரும் மொபெட்டுகள் பலவற்றில் அவ்வெழுத்துகளைக் காணலாம். அவ்வெழுத்துகளுக்கு உரியவரான டி.வி. சுந்தரம் ஐயங்காரின் வாழ்வையும், அவர் நிறுவனம் பெற்ற விருதுகளையும் இங்கே சிறிது காண்போம்.

1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் அவர் பிறந்தார். மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அவ்வழியே சென்ற அவர், பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். மாதச் சம்பளம் தரும் வேலையை விட்டுவிட்டு 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கினார். 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓடலாயிற்று. மாட்டுவண்டியே கதியென்றிருந்த காலத்தில் இது பெருந்துணிவன்றோ!

அவருடைய பேருந்தின் வருகையைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்பது இன்றும் முதியோர் சொல்லும் செய்தி. அன்றைய சாலைகளில் மாட்டு லாடத்தின் ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். அவை டயரைக் குத்திக் கிழிக்கும். ஆகவே காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி ஆணிகளை அகற்றச் செய்தார் என்பர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கருவியைத் தம் நிறுவனத்திலேயே செய்வித்தார்.

அவருடைய மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்ணை வீட்டு மூலையில் உட்காரவைத்த காலம் அது. பெற்றோரோ மகளின் கல்விக்குத் துணைநின்றனர்; அவர் டெல்லியில் மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். அவரும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தோற்றுவித்ததே நம் மாவட்டத்துக் காந்திகிராமம். 1962-இல் பத்மபூஷண் விருது டாக்டர் சௌந்தரத்தை வந்தடைந்தது.

சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28-இல் கொடைக்கானலில் மறைந்தார். அவர் வழிவந்தோர் பேருந்திலிருந்து பிரேக், போல்ட், மொபெட் எனத் தொழிலை வளர்த்தனர். 1980-இல் இருவர் அமர்ந்து செல்லத்தக்க டி.வி.எஸ். 50 வெளிவந்தது.

தரத்திற்கென உலகம் மதிக்கும் பரிசு, ஜப்பானில் 1951 முதல் வழங்கப்படும் டெமிங் பரிசாகும். டெமிங் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். செய்து முடித்த பொருளில் பழுதைத் தேடுவதைவிட, செய்முறையின் ஒவ்வொரு படியையும் அளந்து, பழுது பிறவாமலே காப்பது மேல் என்பது அவர் கொள்கை. இப்பரிசை 1998-இல் சுந்தரம் கிளேட்டன், 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-இல் டி.வி.எஸ். மோட்டார், 2004-இல் லூகாஸ் டி.வி.எஸ். ஆகியவை பெற்றன. உலகின் இருசக்கர வாகன நிறுவனங்களுள் இதனை முதலில் பெற்றது டி.வி.எஸ். மோட்டாரே. பேரர்களுள் சுரேஷ் கிருஷ்ணா 2006-இல் பத்மஸ்ரீ பெற்றார். வேணு சீனிவாசனுக்கு 2010-இல் பத்மஸ்ரீயும் 2020-இல் பத்மபூஷணும் வழங்கப்பெற்றன.

இவற்றுள் எதையும் பாட்டனார் கண்ணால் காணவில்லை. ஆயினும் டயர் வெடித்தபின் ஒட்டுப்போடுவதோடு நில்லாமல், வெடிக்குமுன் ஆணியைப் பொறுக்கிய அந்தப் பழக்கத்திற்கும் டெமிங்கின் கொள்கைக்கும் வேறுபாடு உண்டோ? ஜப்பானியப் பதக்கத்தின் வேர் மதுரைச் சாலையின் புழுதியில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் பட்டத்தை வீடே எதிர்பார்த்திருக்கிறது. பட்டம் மேடையில் ஒருநாள் கையில் வரும்; அதற்குரிய தகுதியோ ஆய்வுக்கூடத்தில் நாம் எடுக்கும் ஒவ்வோர் அளவிலும், வகுப்பிற்கு நேரத்தில் வந்து சேரும் ஒவ்வொரு காலையிலும் சேர்கிறது. நம் வழியில் கிடக்கும் ஆணிகளை இன்றே பொறுக்குவோம்.