ஆந்தைக்குப் பெயர் வைத்த ஹியூம் துரை

காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் பெரிய பறவை ஆராய்ச்சியாளர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் வைத்த ஒரு சின்ன ஆந்தை, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துப் பெரிய மோசடி ஒன்று வெளிப்படக் காரணமாயிற்று.

ஹியூம் 1829-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி பிரிட்டனில் பிறந்தார். தந்தை ஜோசப் ஹியூம் பார்லிமெண்டு உறுப்பினர். 1849-ல் கம்பெனி உத்தியோகத்துக்காக இந்தியா வந்த ஹியூம், சில ஆண்டுகளில் எடாவா ஜில்லாவின் அதிகாரியானார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்கள் திறந்தார். ஓய்வு நேரத்தில் பறவைகளைச் சேகரித்தார். 1857 கிளர்ச்சியில் அந்தச் சேகரிப்பு முழுவதும் அழிந்தது. அவர் மனம் தளரவில்லை. முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

காலில் கட்டிய சீட்டு

1871-ல் வருவாய், விவசாய இலாகாவின் செயலாளரானார். சிம்லாவில் ஜாக்கோ குன்றின் மேல் இருந்த தன் வீட்டிலேயே பறவைக் காட்சிசாலை அமைத்தார். பல மாகாணங்களில் வேலை பார்த்த அதிகாரிகள் பறவைகளைப் பதப்படுத்தி அவருக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு இருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, பிடித்தவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். 1872-ல் பறவைகளுக்கென்றே ஒரு பத்திரிகையையும் அவர் தொடங்கினார்.

அந்த ஆண்டு டிசம்பரில், இன்றைய சத்தீஸ்கார் மாநிலத்தில் உள்ள பஸ்னா அருகே, பிளூவிட் என்ற அதிகாரிக்கு ஓர் ஆந்தை கிடைத்தது. அது ஹியூமிடம் வந்தது. பார்வைக்கு நம் ஊர்ப் புள்ளி ஆந்தையைப் போலத்தான் இருந்தது. இப்படி ஒன்று வந்தால் ஆராய்ச்சியாளர் எடுத்த எடுப்பில் புதியது என்று சொல்லிவிட முடியாது. தெரிந்த பறவையின் கிளை இனமா, தனி இனமா என்று பார்க்க வேண்டும். இறக்கை, வால், கால் எல்லாவற்றையும் அளந்து, மற்றவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

புள்ளி ஆந்தையின் தலையில் வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். இதன் தலையில் அப்படி இல்லை. இறக்கையிலும் வாலிலும் அகலமான பட்டைகள். கால் பருத்து இருந்தது. இது கிளை இனம் அல்ல, தனி இனமே என்று 1873-ல் ஹியூம் தன் பத்திரிகையில் எழுதினார். கண்டெடுத்தவரை மறக்காமல் பிளூவிட்டின் பெயரையே சூட்டினார். இன்று அதைக் காட்டு ஆந்தை என்கிறார்கள்.

பழைய பேப்பர் விலைக்கு

மனதில் பட்டதைச் சொல்லிவிடுவது ஹியூமின் குணம். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. 1879-ல் செயலாளர் பதவியிலிருந்து இறக்கி, அலகாபாத்துக்கு அனுப்பினார்கள். 1882-ல் உத்தியோகத்தை விட்டார். அடுத்து இன்னொரு அடி விழுந்தது. இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுத அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை, வேலைக்காரன் ஒருவன் சிம்லா கடைவீதியில் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டான்!

நூல் எழுதும் ஆசையே அவருக்குப் போயிற்று. 1885-ல், முட்டைகளையும் சேர்த்துச் சுமார் 82 ஆயிரம் பொருள்கள் கொண்ட சேகரிப்பை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்தார். தேவதாரு மரத்தில் செய்த 47 பெட்டிகள் மாட்டு வண்டிகளில் கல்காவுக்கு இறங்கி, அங்கிருந்து பம்பாய் துறைமுகம் சென்றன. அதே ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி, அதே பம்பாயில் காங்கிரசின் முதல் கூட்டம் கூடியது. 72 பிரதிநிதிகள் வந்தார்கள். முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்தவர் சென்னை ஜி. சுப்பிரமணிய ஐயர்.

1894-ல் ஹியூம் இந்தியாவை விட்டுச் சென்றார். கடைசிக் காலத்தில் செடிகொடிகளை ஆராய்ந்து, 1910-ல் தென் லண்டனில் தாவர ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1912-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி காலமானார்.

பொய்ச் சீட்டு

காட்டு ஆந்தையின் கதை அவரோடு முடியவில்லை. உலகத்து மியூசியங்களில் இருந்தவை ஏழே ஏழு உடல்கள். 1884-க்குப் பிறகு அந்தப் பறவையை யாரும் பிடித்ததில்லை. ஒரே ஒரு சீட்டு மட்டும், 1914-ல் குஜராத்தின் மாண்ட்வியில் கிடைத்தது என்று சொன்னது. அதைக் கொடுத்தவர் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ராணுவ அதிகாரி. சீட்டை நம்பித் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சலீம் அலியின் கண்ணுக்கும் அந்த ஆந்தை படவில்லை. இனம் அழிந்தே போயிற்று என்று பலர் நினைத்தார்கள்.

அமெரிக்கப் பெண் ஆராய்ச்சியாளர் பமீலா ராஸ்முசென், அந்த உடலின் தையலையும் பஞ்சையும் சோதித்து உண்மையைக் கண்டார். மியூசியத்திலிருந்து திருடிய பழைய உடலைப் பிரித்து, வேறு விதமாகத் தைத்து, பொய்ச் சீட்டுக் கட்டியிருந்தார் மைனர்ட்ஸ்ஹாகன்! பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு, மற்றச் சீட்டுகளில் இருந்த ஊர்களுக்கு ராஸ்முசென் குழு புறப்பட்டது. 1997 நவம்பர் 25-ந் தேதி, மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, இலையில்லாத மரக்கிளையில் உயிரோடு உட்கார்ந்திருந்தது காட்டு ஆந்தை. 113 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தரிசனம் அது. பிறகு மத்தியப் பிரதேசம், குஜராத் காடுகளிலும் அதைக் கண்டார்கள்.

எழுதி வைத்த பெரிய நூல் பழைய பேப்பராய்ப் போயிற்று. பறவையின் காலில் ஊரையும் தேதியையும் உள்ளபடி எழுதிக் கட்டிய துண்டுச் சீட்டுகள் நூறு ஆண்டு கழித்தும் சரியான வழியைக் காட்டின.