யாழ் கண்ட அறிவியல் ஆசிரியர்

முத்தமிழ் வித்தகர் விபுலாநந்த அடிகளாரின் பெயரைத் தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர்கள் நன்கறிவர். ஆனால் அவர் நம்மைப் போல் பி.எஸ்ஸி. படித்தவர் என்பதை அறிவியல் மாணவர்களாகிய நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரைத் துறவி என்றும் புலவர் என்றும் போற்றும் கட்டுரைகள் பல உண்டு. எனக்கோ, அவருள் இருந்த இயற்பியல், வேதியியல் ஆசிரியர்மீதுதான் தனியொரு பற்று.

ஈழத்தின் கீழைக்கரையில், அன்று மட்டக்களப்புப் பகுதியாகவும் இன்று அம்பாறை மாவட்டமாகவும் உள்ள காரைதீவில், 1892ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்று, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே பொறியியற் கல்லூரியில் அறிவியல் டிப்ளோமாவும் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வென்றார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் தேறிய முதல்வர் இவரே என்பர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்துக்கொண்டே, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தைத் தாமே படித்துப் பெற்றார். பகலில் வேதியியல், இரவில் தொல்காப்பியம்! வாரத்திற்கு இரண்டு செய்முறை வகுப்புகளுக்கே சலித்துக்கொள்ளும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைமை ஆசிரியரானார். நல்ல பதவி, நல்ல ஊதியம். இரண்டே ஆண்டுகளில் அதை உதறிவிட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். பின்னர் ஈழம் திரும்பி மடத்தின் பள்ளிகளைக் கண்காணித்தார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இதற்கிடையே, சேக்சுபியரின் 12 நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திக் காட்டும் 'மதங்கசூளாமணி' என்னும் நூல் 1926இல் வெளிவந்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் வந்தார். பாரதியின் பாடல்களைப் புலவருலகம் பெரிதாக மதியாதிருந்த அந்நாளில், பல்கலைக்கழகத்திற்குள்ளேயே அவற்றை ஆராயவும் பாடவும் வழி செய்தார். எனினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. பல்கலைக்கழக வேலை முடிந்ததும் அருகிலிருந்த திருவேட்களம் சேரிக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார் அடிகளார். என் தந்தையார் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பேராசிரியர் ஒருவர் சேரியின் திண்ணைக்கு நடந்து சென்றார் என்பது எனக்கு வெறும் செய்தியாகத் தோன்றவில்லை.

சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அறிவியல் கலைச்சொற்களை ஆக்க முற்பட்டபோது, வேதியியல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அடிகளாரே. 1936இல் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்கும் அவரே தலைவர். தமிழும் வேதியியலும் ஒருங்கே கற்ற ஒருவர் அப்பணிக்குக் கிடைத்தது நம் நற்பேறு. பள்ளியில் நான் 'சுரமானி' என்று படித்த கருவி, இங்கே ஆய்வகத்தில் 'சோனாமீட்டர்' ஆகிவிட்டது. முதல் பருவம் முழுவதும் இரண்டும் ஒன்றே என்று மனத்துக்குச் சொல்லிச் சொல்லியே கழிந்தது. தமிழ்வழியில் படித்து வந்த நண்பர்கள் அனைவருக்கும் இந்தப் பாடு தெரியும். அந்தப் பிளவை 1936லேயே கண்டு, அதை அடைக்க முயன்றவர் அடிகளார்.

அந்தச் சோனாமீட்டரே அவருடைய பெரும்பணியையும் எனக்கு விளக்கிற்று. இழுவிசை மாறாதிருக்க, கம்பியின் நீளம் குறையக் குறைய அதிர்வெண் கூடும். நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கினால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். குரல் என்னும் சுரம் இளியாகும். சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் அதன் உரைகளிலும் புதைந்து கிடந்த இசைக் குறிப்புகளை அடிகளார் இத்தகைய கணக்குகளால் திறந்தார். வழக்கொழிந்து, பெயர் மட்டுமே எஞ்சியிருந்த பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் வடிவையும் நரம்புகளின் அளவையும் ஆராய்ந்து வரையறுத்தார். உரையாசிரியர் கூற்றைப் பாடம் செய்யும் புலமை மட்டுமோ, கருவியை அளக்கும் கல்வி மட்டுமோ இதற்குப் போதாது என்பது என் துணிபு. ஏறத்தாழ 14 ஆண்டுகள் இவ்வாராய்ச்சி நடந்தது. இமயத்து மாயாவதியில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியராக இருந்தபோதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோதும் அவர் அதைக் கைவிடவில்லை.

உடல் நலிந்திருந்த நிலையிலேயே நூல் முடிந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை அச்சிட்டது. 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அவர் கணக்கிட்ட அளவுப்படி செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்து வந்து அவையில் மீட்டினர். பல நூற்றாண்டுகளாகக் கேளாதிருந்த ஒலியை, ஏட்டிலிருந்து கணக்கிட்டவரே உடனிருந்து கேட்டார்.

கொழும்பு திரும்பிய அடிகளார் அடுத்த மாதமே, 1947 சூலை 19இல் மறைந்தார். தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் எழுதிய பாடல் ஒன்றே அந்தச் சமாதியில் பொறிக்கப்பட்டுள்ளது.