பாலபாடம் தந்த நாவலர்

நல்லூர் ஆறுமுக நாவலரைத் தமிழுலகம் பலவாறு நினைவுகூர்கின்றது. சைவத்துக்கு அரண் செய்தவர், கண்டனம் எழுத அஞ்சாதவர், ஏட்டுச் சுவடிகளைப் பிழையற அச்சேற்றிய பதிப்பாசிரியர் எனப் புகழும் மரபு நீண்டது. இப்புகழ்ச்சிகளுக்கிடையே அவர் ஆற்றிய மற்றொரு பணி சிறிதாகத் தோன்றி மறைந்துவிடுகின்றது. ஆசிரியர் அருகிருந்து உரை சொல்லாவிடினும், ஒரு சிறுபிள்ளை தானே எடுத்துப் படித்துப் பொருளுணரத்தக்க புத்தகம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு, அத்தகைய புத்தகங்களை எழுதியே விடை கண்டவர் அவர்.

1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் நல்லூரிற் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகவாய்ப் பிறந்தார். தந்தையார் தமிழ்ப் புலமையும் நாடகம் புனையும் ஆற்றலும் வாய்ந்தவர். மகனுக்கு ஒன்பதாண்டு நிரம்பிய காலத்தில், எழுதிக்கொண்டிருந்த நாடகமொன்றைக் குறையாக விட்டு அவர் மறைந்தார் என்றும், அக்குறையைச் சிறுவனே பாடி நிறைவு செய்தான் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். பின்னர் சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் ஆகியோரிடம் உயர்ந்த இலக்கண இலக்கியங்களைக் கற்றார்.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளியின் கல்விமுறையை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். மணலில் எழுத்தெழுதிப் பழகிய பிள்ளை அடுத்து ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மனனஞ் செய்யும்; அப்பால் நிகண்டும் அந்தாதிகளும் வந்துவிடும். செவிக்கும் நினைவுக்கும் இம்முறை நல்கிய வலிமையைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. கவிதை பயில்வோர் அதன் அருமையை நன்கறிவர். ஆயினும் நூறு செய்யுளை நாவிலேற்றிய பிள்ளை, முன்பின் அறியாத வசனம் ஒன்றைக் கையிற் கொடுத்தால் திகைத்து நின்றுவிடும். மனனத்துக்கும் வாசிப்புக்கும் இடையில் ஒரு பள்ளம் இருந்தது. பிறவிப் புலமை உடையோர் அதனைத் தாவிக் கடந்தனர். ஏனையோர்க்குப் படி வேண்டியிருந்தது.

அப்படியைக் கண்டறியும் வாய்ப்பு நாவலருக்கு எதிர்பாராத இடத்திற் கிட்டியது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராய் அமர்ந்த அவர், பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ் கற்பித்தும் விவிலிய மொழிபெயர்ப்பில் உடனுழைத்தும் பல்லாண்டுகளைக் கழித்தார். வகுப்புகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை அங்கே அணுகிக் கண்டார். மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் அச்சகம் சிறு புத்தகங்களை மிகப் பலவாக அச்சிட்டு வழங்கிக்கொண்டிருந்தது. சைவப் பிள்ளை தானே வாசிக்கக்கூடிய அச்சுப் புத்தகம் பெரும்பாலும் பிற சமயத்துப் புத்தகமாகவே இருந்த நிலை அவர் நெஞ்சை உறுத்தியது. எதிர்த்து நின்ற தரப்பின் கருவியையே எடுத்தாண்டார் எனலாம். அதனால் அவருக்கு இழுக்கு யாதுமில்லை.

1848இல் மிஷன் பணியைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுஆண்டு அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுச் சென்னை சென்றார். அப்பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை நல்கியது. யந்திரம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த பின்னர், 1850இலும் 1851இலும் பாலபாடத்தின் முதலிரு புத்தகங்கள் வெளிவந்தன. நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் செய்து சிவஞான முனிவர் திருத்திய விருத்தியுரையைப் பதிப்பிக்கும் புலமை வாய்ந்த ஒருவர், அதே காலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்காகவும் எழுதுகோல் பிடித்தார் என்பதை நினைத்தல் வேண்டும்.

முதற் புத்தகம் எழுத்திலே தொடங்குகின்றது. எழுத்துகள் கூடிச் சொல்லாகின்றன. சொற்கள் கூடிச் சிறு வாக்கியங்களாகின்றன. இரண்டாம் புத்தகத்தில் வாக்கியங்கள் சிறு பாடங்களாய் விரிகின்றன. நான்காம் புத்தகத்தை எய்தும்போது கடவுள், கல்வி, கொலை, களவு, செய்ந்நன்றியறிதல் என ஒவ்வொரு பொருள்மேலும் முழு வசனக் கட்டுரையே நிற்கின்றது. எச்சங்கள் பல அடுக்கி வினைமுற்றிற் சென்று முடியும் நீண்ட வாக்கியத்தைப் பிள்ளை அங்கே எதிர்கொள்கின்றது. ஆனால் அதனைத் தாங்கும் பயிற்சி முன்னைய புத்தகங்களிலே கிடைத்துவிட்டது. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளைத் தமிழ் வசனத்தில் நிலைபெறச் செய்தோருள் நாவலர் தலையாயவர். எங்கே நிறுத்துவது என்று ஆசிரியர் குரல் காட்டிவந்ததை இனித் தாளே காட்டும். புணர்ச்சியால் இறுகிக் கிடக்கும் சொற்களைப் பொருள் விளங்கப் பிரித்து அச்சிட்டதும் அத்தகையதே. தனித்துப் படிக்கும் பிள்ளைக்கு இவை அணியல்ல, ஊன்றுகோல்.

இப்படிமுறை பாலபாடத்தோடு நின்றுவிடவில்லை. இலக்கணத்திற்கு வினாவிடையும் சுருக்கமும் அமைத்து, அதற்குமேல் நன்னூற் காண்டிகையுரை செய்தார். சமயத்திற்குச் சைவ வினாவிடை இரண்டு புத்தகங்கள். 1852இல் வெளியிட்ட பெரியபுராண வசனமோ, செய்யுள் வாசிக்கும் பயிற்சியில்லாத பெரியவர்களைக் கருதிப் பெரிதும் இயற்சொற்களால் ஆக்கப்பெற்றது. வாசகர் இன்னார், அவர் எய்தியிருக்கும் நிலை இது என்று தெளிந்து அதற்கேற்ப நடையை மாற்றிக்கொண்ட அவர், கற்றோரோடு வாதிடுகையில் முற்றிலும் வேறொரு தமிழை எழுதினார். அருட்பாப் பூசலில் அவர் ஆண்ட சொற்களின் வெம்மை ஒரு துளியும் பாலபாடத்தில் இல்லை. அவ்வெம்மை இன்றுவரை பலர்க்கு வருத்தமளிப்பது வேறு செய்தி.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. மொழியைப் பிள்ளையின் அளவுக்கு இறக்கிய நாவலர், பொருளை அவ்வாறு இறக்கினாரல்லர். கொலையும் களவும் கள்ளுண்ணலும் பேசும் பாடங்களில் அறிவுரையும் அச்சுறுத்தலும் உண்டு. விளையாட்டும் சிரிப்பும் இல்லை. கிளியையும் கன்றையும் கண்டு மகிழும் பிள்ளைக்கு உரிய பாட்டு, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை வரும்வரை காத்திருந்தது. வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வாசிக்க விரும்புமா என்பது நாவலர் கேளாத கேள்வி. மற்றொரு குறை இதனினும் பெரிது. சாதி வேற்றுமையை அவர் வேண்டியதென்றே கொண்டார். படிகளை அத்துணைக் கவனமாய் அமைத்த அவரது கல்விப்பணி, யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு வாயிலைத் திறந்து வைக்கவில்லை.

1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். இல்லறம் ஏலாது வாழ்ந்து 1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் மறைந்தார். அவர் மாணாக்கர் சதாசிவப்பிள்ளை சென்னையில் அச்சகத்தை நடத்தி வந்தார். பாலபாடம் பதிப்புக்குமேற் பதிப்பாக வெளிவந்து, இருபதாம் நூற்றாண்டிலும் யாழ்ப்பாணத்துச் சைவப் பள்ளிகளிற் பிள்ளைகளின் கையில் இருந்தது.