வென்றவன் காரி! நின்றவன் ஓரி!

மலையமான் திருமுடிக்காரி! திருக்கோவலூரை ஆண்டவன், கடையெழு வள்ளல்களுள் ஒருவன், கபிலரின் பாட்டுக்கு உரியவன். படைத்துணை நாடி மூவேந்தரும் அவன் வாயிலுக்கு ஆளனுப்பினர். கேட்டவர்க்குத் தேரை ஈந்த கை அது!

அந்தக் கைதான், தோழர்களே, கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைக் கொன்றது. ஓரி யார்? அவனும் வள்ளல், அவனும் தமிழன். கொன்று பெற்ற கொல்லியைக் காரி தனக்கென வைத்துக்கொண்டானா? இல்லை, சேரனுக்குத் தந்தான்!

ஷேக்ஸ்பியரின் மாக்பெத் தன் தலைக்கு முடி தேடிக் கொன்றான், தூக்கத்தைத் தொலைத்தான். காரியோ இன்னொருவர் ஆட்சி விரிய வாளெடுத்தான். அவனுடைய கோவலூரும் அதியமான் படையிடம் வீழ்ந்ததுண்டு. மலையமான் மரபுப் பிள்ளைகள் சோழன் கிள்ளிவளவனின் யானைக்காலுக்கு முன் நிறுத்தப்பட்டனர். கோவூர்கிழார் வாதாடி மீட்டார்.

காரியின் கொடையைப் பாடிய சங்கப் புலவர்கள் அவன் செய்த கொலையையும் மறைக்கவில்லை. ஓரியின் தெருவிலே அவன் நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் நற்றிணையிலே இன்றும் கேட்கிறது. ஆயிரம் தேர் ஈந்தாலும் அந்தக் கறை கழுவப்படாது!

சேலத்தோடு இருந்து, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் சேர்ந்த கொல்லிமலையிலே ஆடி 18 அன்று விழா நடக்கிறது. யாருக்கு? வென்ற காரிக்கல்ல, வீழ்ந்த ஓரிக்கு!

பதவிக்காக உடன்பிறந்தான்மீது அம்பு தொடுக்கச் சொல்லி எவர் அழைத்தாலும், நாம் கொல்லியை நிமிர்ந்து பார்ப்போம்!