பரண் பொருட்களைப் படமாக்கியவர்

ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை, மரப்பொம்மை, கூரைமேல் நின்று காற்றின் திசையைக் காட்டும் உலோகச் சேவல்... இவற்றைப் படம் வரைய ஓர் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் அது நடந்தது. நடத்திக் காட்டியவர் ஹோல்கர் காஹில்.

இவர் 1887-ல் ஐஸ்லாந்து நாட்டில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஸ்வேன் கிறிஸ்டியான் பியார்னார்சன். (வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக் கொள்ளும்!) குடும்பம் வட அமெரிக்காவில் குடியேறியது. தந்தை கைவிட்டுப் போய்விட்டார். தாயைப் பிரிந்த சிறுவன், பிறர் பண்ணையில் பாடுபட்டான். அங்கிருந்து ஓடிப்போய், கிடைத்த வேலையெல்லாம் செய்தான். கப்பலில் வேலைக்குச் சேர்ந்து சீனா வரை போனான். பிறகு நியூயார்க் வந்து செய்தியாளரானார். புதுப்பெயரும் சூட்டிக்கொண்டார்.

1922 முதல் நுவார்க் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். பெயர் தெரியாத தச்சரும் கொல்லரும் செய்த பொருட்களும் கலைதான் என்பது அவர் எண்ணம். 1930, 1931-ம் ஆண்டுகளில் அவற்றைக் கண்காட்சியாகவே வைத்தார்.

அப்போது நாட்டில் பெரும் பொருளாதார மந்தம். 1933-ல் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. சோற்றுக்கே வழியில்லாதபோது ஓவியம் வாங்குவது யார்? 1935-ல் ரூஸ்வெல்ட் அரசு ஓவியர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கி, காஹிலைத் தலைவராக்கியது.

ரொமானா ஜாவிட்ஸ், ரூத் ரீவ்ஸ் என்ற இரு பெண்மணிகள் ஒரு யோசனை சொன்னார்கள். 1900-க்கு முன் செய்யப்பட்ட அழகுப் பொருட்களையெல்லாம் வரைந்து வைத்தால் என்ன? காஹில் அதை ஏற்றார். வண்ணப் புகைப்படக் கலை அன்று நன்றாக வளரவில்லை. ஆகவே நூற்றுக்கணக்கான ஓவியர்கள் நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். துணியின் இழை, இரும்பின் துரு, மரத்தின் விரிசல் எதையும் விடவில்லை. சொந்தக் கற்பனைக்கு இடமே கிடையாது. கற்பனையில் ஊறிய ஓவியருக்கு அது எத்தனை கஷ்டம், யோசித்துப் பாருங்கள்!

இது வீண் செலவு என்று ஏசியவர்கள் உண்டு. 1942-ல் போர் காரணமாக வேலை நின்றபோது, ஏறத்தாழ 18,000 படங்கள் சேர்ந்திருந்தன. அவை வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் புத்தகமாக்க அப்போது பணமில்லை. 1950-ல்தான் ஒரு பகுதி நூலாக வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் காஹிலே. 1960-ல் அவர் காலமானார்.

ரூத் ரீவ்ஸ் பிறகு என்ன ஆனார் தெரியுமா? 1956-ல் நம் இந்தியாவுக்கு வந்தார். மெழுகு வார்ப்பு முறையில் உலோகச் சிலை செய்யும் நம் கைவினைஞர்களைத் தேடிப் போய், 1962-ல் ஒரு நூலும் எழுதினார்.