36 வயதில் மறைந்த மேதை

ரேடியோவிலும் கம்ப்யூட்டரிலும் 'ஹெர்ட்ஸ்' என்ற சொல் அடிபடுகிறது. அது ஒரு மனிதரின் பெயர்.

ஹென்ரிச் ஹெர்ட்ஸ் ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரில், 1857-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி பிறந்தார். தந்தை வக்கீல். மகனோ சிறு வயதிலேயே மரவேலையும் கடைசல் வேலையும் பழகினார். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பேரறிஞரிடம் படித்தார்.

கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் உண்டு என்று மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். அதை நிரூபித்தவர் யாரும் இல்லை. கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியராக இருந்த ஹெர்ட்ஸ், 1887, 1888-ம் ஆண்டுகளில் நிரூபித்தார். ஒரு கருவியில் மின்பொறி பறந்தது. சற்றுத் தள்ளி ஒரு கம்பி வளையம். இரண்டுக்கும் இணைப்பே கிடையாது. ஆனாலும் வளையத்தின் சிறு இடைவெளியில் பொறி பறந்தது! அலைதான் அதைக் கொண்டு சேர்த்தது.

இதனால் பயன் எதுவும் இராது என்றே அவர் நினைத்தார். 1892-ல் நோய் கண்டது. அறுவைச் சிகிச்சைகள் பலிக்கவில்லை. 1894 ஜனவரி 1-ந் தேதி, பான் நகரில், மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் விட்டுக் காலமானார். சில ஆண்டுகளிலேயே மார்க்கோனி அந்த அலைகளில் செய்தி அனுப்பினார்.

1930-ல் அதிர்வெண் அளவுக்கு ஹெர்ட்ஸின் பெயர் சூட்டப்பட்டது. வினாடிக்கு ஒரு துடிப்பு என்றால் 1 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டரின் உறுப்புகள் துடிப்புக்குத் துடிப்பு வேலை செய்கின்றன. அந்தத் துடிப்பின் வேகத்தை, கம்ப்யூட்டரை நடத்தும் 'லினக்ஸ் கெர்னல்' என்ற அடிப்படை நிரல் ஹெர்ட்ஸ் கணக்கில்தான் தெரிவிக்கிறது. நூறு கோடி துடிப்பு ஒரு கிகாஹெர்ட்ஸ். பயன் காணாமலே போனவரின் பெயரை இன்று உலகமே சொல்கிறது.