சாந்திநிகேதனத்துச் சீன ஆசிரியர்

அக்கரப்பத்தனையில் தேத்தண்ணீர் அருந்தாது பொழுது புலர்வதில்லை. அச்சொல்லின் முதலெழுத்தாகிய தே, சீனத்து ஃபூஜியன் கரையினின்று கப்பலேறி வந்தது. அதிற் கலக்கும் சீனியின் பெயரிலும் சீனமே நிற்கின்றது. இதனை வகுப்பிற் கூறியபோது, சீன மொழியை இப்பக்கத்தார்க்குக் கற்பித்தாரும் உளரோ என மாணவி ஒருத்தி வினவினாள். அவளுக்கு யான் கூறிய வரலாறே இது.

டான் யுன் ஷான் 1898ஆம் ஆண்டு சீனத்து ஹுனான் மாநிலத்திற் பிறந்தவர். 1927இல் சிங்கப்பூரிற் கவியரசர் தாகூரைக் கண்டார். அவரழைப்பை ஏற்று மறு ஆண்டே சாந்திநிகேதனம் சேர்ந்தார். சீனம் பயில வந்தோர் ஒரு சிலரே. அவர்க்குப் பாடஞ் சொன்ன வேளை போக, ஆசிரியர் தாமே வடமொழி பயிலும் மாணாக்கராய் அமர்ந்தார்.

இச்செயலின் அருமையை யான் பட்டறிந்தேன். இங்கு மாற்றலாகி வந்த சிங்கள ஆசிரியர் ஒருவர்க்கு மாலைதோறும் தமிழ் கற்பித்தேன். ழகரத்தில் அவர் இடர்ப்பட, யான் பொறுமையிழந்தேன். பின்னர் அவரிடம் சிங்களம் கற்கத் தொடங்கி, பாதி மூக்கொலி ஒட்டிய எழுத்துகளில் என் நா தடுக்கியபோதே அவர் வருத்தம் எனக்கு விளங்கிற்று.

சீனமோ இன்னும் கடிது. மா என்னும் ஓரொலி, குரலின் ஏற்ற இறக்கத்தால் தாய், சணல், குதிரை, ஏசுதல் என நான்காய்ப் பிரியும். நன்னூலார் கூறும் ஓரெழுத்தொருமொழிகளுள்ளும் மா உண்டு. நமக்கும் அது குதிரையாம்! இதுகொண்டு இருமொழியும் உறவென எழுதப் புகும் நண்பர்க்கு ஒரு கும்பிடு. 247 எழுத்தில் அடங்கும் நமக்கு, ஆயிரக்கணக்கில் விரியும் சீன எழுத்து மலைப்பையே தரும்.

நூலகமின்றி இக்கல்வி நிலையாதென உணர்ந்த டான், சீனஞ் சென்று பொருளும் நூலும் திரட்டினார். 1937 ஏப்ரல் 14இல், வங்கப் புத்தாண்டன்று, சீன பவனம் திறக்கப்பெற்றது. அவரே அதன் தலைவரானார். அவர் மகளொருத்தி வங்க இலக்கியமே பயின்று தேறினாள்.

1962இல் இந்தியாவும் சீனமும் எல்லையிற் பொருதன. இந்தியாவில் வாழ்ந்த சீனர் பலர் இராசத்தானத்துத் தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர். பிறந்த நாடும் புகுந்த நாடும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருக்க, டான் சாந்திநிகேதனத்தை நீங்கினாரல்லர். அந்நாளிற் சீன எழுத்தைப் பலகையில் எழுத அவர் கை எத்துணை கனத்திருக்கும்! 1983ஆம் ஆண்டு ஆடியைச் சிறுவனாய்க் கண்ட எனக்கு அதனை ஊகித்தல் அரிதன்று.

ஓய்வுபெற்றபின் புத்தகயை சென்ற அவர், 1983இல் அங்கே மறைந்தார். மூத்த மகனார் டான் சுங், தில்லிப் பல்கலைக்கழகத்திலும் சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் சீனம் கற்பித்தார்.